மட் நிரலில் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன

கேள்வி:
வணக்கம். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் முறை) வழியே டெபியன் லினக்ஸ் சர்வரில் நுழைந்து, டெர்மினலில் இயங்கும் மின்னஞ்சல் நிரலான மட்டைத் திறந்தால், தமிழ் அஞ்சல்களின் தலைப்புகள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. அமைப்புக் கோப்பில் சார்செட்டை (எழுத்துக் குறிமுறையை) யூடிஎஃப்-8 என்று எழுதியும் பயனில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
அந்த வரியை முதலில் நீக்கிவிடுங்கள். மட் தன் குறிமுறையை லோக்கேலிலிருந்தே (கணினியின் மொழி, எழுத்து அமைப்பிலிருந்தே) எடுத்துக்கொள்ளும் என்பதால், சர்வரில் 'லோக்கேல்' என்று தட்டிப் பாருங்கள்; எழுத்துக் குறிமுறையைக் குறிக்கும் எல்சி_சிடைப்புக்கு நேரே, தமிழ் எழுத்துகளை அறியாத 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்றிருந்தால் கோளாறு அங்கேதான். லோக்கேல்ஸ் தொகுப்பை மறுபடி அமைத்து, யூடிஎஃப்-8 லோக்கேல் ஒன்றை இயல்பாக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

பதில் 2:
டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் நிரல்) பயன்படுத்தினால் அதையும் முழுவதுமாக நிறுத்தித் தொடங்குங்கள்; பழைய அமர்வு பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கேட்டவர்:
'போசிக்ஸ்' என்றுதான் இருந்தது. மாற்றியதும் தலைப்புகள் தெளிவாகிவிட்டன, மிக்க நன்றி. கொம்பும் காலும் மட்டும் சற்று விலகி நிற்கின்றன.

பதில் 1:
அது மட் நிரலின் குறையன்று. எழுத்துகளைக் கோத்து வரைவது உங்கள் டெர்மினலின் வேலை. கேடிஈ டெஸ்க்டாப்பின் டெர்மினலான கான்சோலில் ஒருமுறை திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.