டைப் 1 சர்க்கரை நோய்: ரத்தத்தில் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் ஏறியிருப்பதை எப்படிப் படிப்பது?

வணக்கம் நண்பர்களே, நோய் எதிர்ப்பியல், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். முதுநிலை ப்ராஜெக்டுக்காக, பொதுவில் கிடைக்கும் ஆர்என்ஏ தரவை (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது) வைத்து, புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று பார்க்கிறேன். எம்எக்ஸ்1, ஐஎஸ்ஜி15, ஐஎஃப்ஐ44எல் என வரிசையாக, வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்களே முன்னால் நிற்கின்றன.

இதில் ஆச்சரியம் இல்லைதான். ஆபத்து அதிகமுள்ள பின்லாந்து, ஜெர்மனி குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வந்த இரண்டு ஆய்வுகளில், சொந்தக் கணைய செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி தென்படும் முன்பே இவை ஏறுவது தெரிந்தது. அப்புறம் ஐஎஃப்ஐஎச்1, அதாவது வைரஸ் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் புரதத்தின் மரபணு. அதன் செயலைக் குறைக்கும் அரிய மாற்றங்கள் இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்தே குறைவு.

சிக்கல் என்னவென்றால், சாதாரண சளி பிடித்தாலும் இதே மரபணுக்கள்தான் ஏறும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்போது சளி இருந்ததா என்ற குறிப்பே தரவில் இல்லை. போதாததற்கு இது எல்லா செல்களும் கலந்த முழு ரத்தம். இந்த நோயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைவதுண்டு, அது குறைந்தாலே மற்ற செல்களின் மரபணுக்கள் கூடியதுபோல் தோன்றும்.

செல் விகிதத்தை மதிப்பிட்டு மாடலில் சேர்த்தால் போதுமா, இல்லை மோனோசைட், டி செல் என்று வெள்ளணு வகைவாரியாகப் பிரித்தெடுத்த தரவுதான் வேண்டுமா? தொற்றின் தாக்கத்தைத் தனியே கழிக்க ஏதாவது வழி உண்டா? கணையத் தானத் திசுத் தரவில் வேலை செய்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். "இன்னும் நாலு பேப்பர் படி" என்பதை மட்டும் தவிர்க்கவும், அதை என் கைடே தினமும் சொல்கிறார்.