உதவி: சர்ஃப் போர்டின் மேல் ஃபைபர் உப்பி எழும்புகிறது, அவசரம்

உப்புக்காற்று:
வீட்டிலேயே அலையில் சறுக்குவதற்கு ஒரு சர்ஃப் போர்டு செய்தேன். ஃபோமை வெட்டி, தேய்த்து, ஃபைபர் துணி விரித்து, இறுகிக் கெட்டியாகும் ரெசின் போட்டதெல்லாம் நன்றாகவே வந்தது. கோவளத்தில் இறக்கியும் பார்த்தாகிவிட்டது, நன்றாக மிதக்கிறது. இப்போது கால் வைக்கும் இடத்தில் ஃபைபர் அப்பளம் போல உப்பியிருக்கிறது. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் எழும்புகிறது. ஊசியால் துளை போட்டு ரெசின் ஏற்றினால் ஒட்டிவிடுமா? சனிக்கிழமைக்குள் போர்டு வேண்டும்.

வங்கக்கரை:
என்ன ஃபோம்? என்ன ரெசின், பாலியெஸ்டரா எபாக்சியா? துணி எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எத்தனை லேயர்? இதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ஃபைபர்போட்_நாகை:
தம்பி, நான் படகுப் பட்டறை வைத்திருப்பவன். துணி மட்டும் போட்டால் பலம் இருக்காது. 450 ஜிஎஸ்எம் மேட், அதாவது நெய்யாத ஃபைபர் விரிப்பு, ஒரு லேயர் போட்டு, பாலியெஸ்டர் ரெசின் அடித்து, ரோலரால் காற்றை எடுத்துவிடு. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இறங்கிய ஃபைபர் படகெல்லாம் மேட்டில்தான் நிற்கின்றன.

வங்கக்கரை:
அண்ணே, படகுக்கு அது சரி. மேட் ரெசினை நிறையக் குடிக்கும், போர்டைத் தூக்கவே முடியாது. போர்டுக்கு 136 அல்லது 200 ஜிஎஸ்எம் நெய்த துணி. அடியில் ஒரு லேயர், கால் மிதிக்கும் மேல்பக்கம் இரண்டு. பெரும்பாலான போர்டுகளுக்கு அது போதும்.

பழைய ஷேப்பர்:
இதெல்லாம் அடிப்படைப் பாடம். ரெசின் டப்பாவைத் திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். பாலியூரித்தேன் பிளாங்க் (போர்டு செதுக்கும் ஃபோம் கட்டி) என்றால் பாலியெஸ்டர், தெர்மாகோல் என்றால் எபாக்சி. 1950களின் கடைசியில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் கலிஃபோர்னியாவில் பாலியூரித்தேன் பிளாங்கைக் கொண்டுவந்தார்கள். 2005 டிசம்பரில் கிளார்க்கின் நிறுவனமான கிளார்க் ஃபோம் திடீரென மூடும்வரை பெரும்பாலோர் அதில்தான் செதுக்கினார்கள். தெர்மாகோலும் எபாக்சியும் அதன் பிறகுதான் பரவலாயின. இவர் தெர்மாகோல் மேல் பாலியெஸ்டரை ஊற்றியிருக்கிறார். அதிலுள்ள ஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துவிட்டது. வேறு காரணமே இல்லை.

ஈரக்காற்று:
எனக்கென்னவோ காற்றின் ஈரம்தான் என்று தோன்றுகிறது. ஈரத்தில் எபாக்சி காயும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் ஒட்டாது. சென்னைப் பக்கம் இது வழக்கமான தொல்லை.

உப்புக்காற்று:
எபாக்சிதான் சார். ஃபோம் தெர்மாகோல் மாதிரி ஷீட். துணி 200.

வங்கக்கரை:
"மாதிரி" என்றால்? உடைத்தால் மணி மணியாக உதிர்கிறதா? என்ன நிறம்? போர்டுக்கு என்ன பெயின்ட், எங்கே வைத்திருந்தீர்கள்?

ஃபைபர்போட்_நாகை:
தெர்மாகோல் மேல் ஃபெவிகால் பூசிக் காயவிட்டு, பாலியெஸ்டர் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஷேப்பர்:
ஒரு ஊசி முனை இடம் விட்டுப்போனாலும் ஸ்டைரீன் உள்ளே புகுந்து குழி பறிக்கும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஃபைபர்போட்_நாகை:
ஃபோமே எதற்கு என்றுதான் கேட்கிறேன். இந்தக் கடலில் மலைவேம்புக் கட்டையைக் கட்டி அலையைத் தாண்டிப் போனவர்கள் நாங்கள்.

பழைய ஷேப்பர்:
கட்டுமரத்தில் கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் வந்து போகும், போர்டு அப்படியில்லை. மரத்தில் செய்வதென்றால் பால்சா. 1940களில் கலிஃபோர்னியாவில் அதற்கு மேல் ஃபைபர் போட்டுத்தான் எடையைக் குறைத்தார்கள். இங்கே பால்சா விலை கட்டுபடியாகாது.

ஈரக்காற்று:
மரம்தான் வேண்டுமென்றால் தோலாகப் போடலாமே. லேசான தெர்மாகோல், அதன் மேல் மெல்லிய பால்சா, வேக்குவம் பையில் வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டுவது. போர்டு லேசாகவும் இருக்கும், குதிகால் பட்டுக் குழியும் விழாது. ஆனால் பம்பு, பை என்று வேலை அதிகம்.

வங்கக்கரை:
கேட்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் அது.

உப்புக்காற்று:
மணி இல்லை. நீல ஷீட், குளிர்பதன அறைக்குப் போடுவது. தண்ணீர் குடிக்காது என்று கடையில் சொன்னார்கள். பெயின்ட் கருநீலம். மொட்டை மாடியில் இருந்தது.

வங்கக்கரை:
இப்போது புரிகிறது. அது எக்ஸ்பிஎஸ், தெர்மாகோலுக்குச் சொந்தம்தான், ஆனால் மணிகளும் நடுவே இடைவெளியும் இல்லை, எல்லாம் மூடிய நுண்ணறைகள். தண்ணீர் குடிக்காது என்பது உண்மை. அதே காரணத்தால்தான் ரெசின் பிடித்துக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. வெயிலில் அறைக்குள் இருக்கும் வாயு விரிந்து மெல்ல வெளியேறி, ஃபைபருக்குக் கீழே சேரும். கருநீலப் போர்டு மொட்டை மாடி வெயிலில் எளிதாக 60 டிகிரியைத் தொடும், அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி அந்தச் சூட்டில் இளகிப்போகும். ஏற்கெனவே பிடிமானம் இல்லாத இடத்தில் வாயு தள்ளினால் உப்பத்தான் செய்யும்.

உப்பிய இடத்தைக் கத்தியால் வெட்டித் தூக்கிப் பாருங்கள். ஃபைபரின் உள்பக்கம் நீலத் துகள் பிய்ந்து ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாக இருந்தது, ஃபோம்தான் கிழிந்திருக்கிறது. வழுவழுவென்று இருந்தால் ஒட்டவே இல்லை. ஊசி வழியாக ரெசின் ஏற்றாதீர்கள். அது பக்கத்தில் உப்பும்.

பழைய ஷேப்பர்:
எக்ஸ்பிஎஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. எந்த ஃபோமுக்கு எந்த ரெசின் என்று நான் சொன்ன பொருத்தம் மட்டும் மாறாது.

உப்புக்காற்று:
வெட்டினேன். வழுவழு, துகளே இல்லை. மேல்பக்கம் பாதி கையோடு வந்துவிட்டது. சனிக்கிழமைக்கு நண்பனின் போர்டு.

வங்கக்கரை:
அப்படியானால் மேல்பக்கத்தை முழுக்க உரித்துவிடுங்கள். 60 நம்பர் உப்புத்தாளால் ஃபோம் சொரசொரப்பாகும்வரை தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, மறுபடி துணி போடுங்கள். வெயில் இறங்கும் சாயங்காலத்தில் போடுங்கள், காலையில் வேண்டாம். சூடு ஏறும்போது உள்ளிருந்து வரும் காற்று ஈர ரெசினில் குமிழி விடும். மேலே வெள்ளை பெயின்ட், வெளியே வைத்தால் துணி போட்டு மூடி நிழலில்.

அடுத்த போர்டுக்கு கனமீட்டருக்கு 28 முதல் 32 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் வாங்குங்கள். டிவி பெட்டியில் வரும் பேக்கிங் தெர்மாகோல் போதாது, கால் பதிந்துவிடும். ஆனால் தெர்மாகோல் அடிபட்டால் மணிகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும். விரிசல் கண்டதும் கரைக்கு வந்து, நன்றாகக் காயவிட்டு அடையுங்கள்.

ஃபைபர்போட்_நாகை:
தம்பி, படகுக்காரர் யாரிடமாவது பாலியெஸ்டர் வாங்க நேர்ந்தால், ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று கலந்துவிடாதே, தீப்பிடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும், கேட்டலிஸ்ட் கடைசியில்.

ஈரக்காற்று:
சென்னையில் 30 கிலோ அடர்த்தி தெர்மாகோலைப் பெரிய கட்டியாக யார் தருகிறார்கள்? எனக்கும் ஒன்று வேண்டும்.