ப்ரொமொண்டரி உச்சியில் ஜூபிடர், 119 இன்ஜின்கள்: எப்போது போவது, எதைக் கவனிப்பது?

அகலப்பாதை (கேள்வி):
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கோல்டன் ஸ்பைக் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குச் செப்டம்பரில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனியும் போட்ட ரயில் பாதைகள் 1869இல் சந்தித்த இடம் அது. அன்று எதிரெதிரே நின்றவை சென்ட்ரல் பசிபிக்கின் ஜூபிடர், யூனியன் பசிபிக்கின் 119 என்ற நீராவி இன்ஜின்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில், இரண்டு சிறு பிள்ளைகளோடு. இன்ஜின்கள் நகர்வதைப் பார்க்க எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? அசல் இல்லை, நகல்தான் என்கிறார்களே, அதில் பார்க்க என்ன இருக்கிறது? பாதைகள் இணைந்த விழாவில் வைத்த தங்க ஆணியை அங்கேயே வைத்திருக்கிறார்களா?

கரிப்புகை:
முதலில் வழி. மேப்பில் "ப்ரொமொண்டரி பாயின்ட்" என்று போட்டுவிடாதீர்கள். அது கிரேட் சால்ட் ஏரிக்குள் நீளும் முனை, பூங்காவுக்குத் தெற்கே வெகுதூரம். பூங்கா இருப்பது ப்ரொமொண்டரி சம்மிட். பலர் தவறுவது இங்கேதான். ஐ-15 நெடுஞ்சாலையில் வடக்கே போய் 365ஆம் எக்ஸிட்டில் இறங்கி, கொரின் வழியாக 83ஆம் சாலையைப் பிடித்தால் வழிகாட்டிப் பலகைகள் வந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

கொரின் தாண்டினால் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாங்க்கை நிரப்பிக்கொண்டு, தண்ணீரும் மதிய உணவும் எடுத்துப் போங்கள். இடம் சுமார் 4,900 அடி உயரம், மர நிழல் கிடையாது, தொப்பி கட்டாயம்.

இன்ஜின்கள் பொதுவாக மே முதல் அக்டோபர் பாதி வரை ஓடும். காலை பத்து மணியை ஒட்டிக் கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாக வரும், மதியம் ஒரு செயல்விளக்கம், மாலை நாலு மணிக்கு மேல் திரும்பும். நேரமும் நாட்களும் மாறுவதுண்டு, பராமரிப்புக்காக ஓர் இன்ஜின் நிறுத்தப்படலாம். அதனால் முதல் நாளே பூங்காவின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்பதரைக்கே போய்விட்டால் இரண்டும் வந்து நிற்பதைக் காணலாம். பயணிகளை ஏற்றிச் செல்லும் ரயில் அல்ல இது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

நீராவிக்காதலன்:
நகல் என்பதால் குறைவாக எண்ண வேண்டாம். அசல் 119-ஐ 1903இலும் ஜூபிடரை 1909இலும் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். வரைபடமும் மிஞ்சவில்லை. பாதைகள் இணைந்த 1869 மே 10 அன்று எடுத்த புகைப்படங்களை அளந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக வரைந்துதான் கலிபோர்னியாவில் இவற்றைக் கட்டினார்கள். 1979இல் ஓடத் தொடங்கின.

புகைபோக்கிகளை ஒப்பிடுங்கள், கதையே அதில் இருக்கிறது. ஜூபிடர் விறகில் ஓடுவது. விறகுத் தீயில் பொறி அதிகம் பறக்கும், பாதையோரப் புல் பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் புகைபோக்கி மேலே அகன்று பலூன் போல இருக்கிறது. உள்ளே இருக்கும் கூம்பும் வலையும் பொறியை மடக்கிக் கீழே தள்ளும். 119 கரியில் ஓடுவது, புகைபோக்கி நேராக இருக்கும். சென்ட்ரல் பசிபிக்குக்கு சியரா மலைக் காடுகள் கிடைத்தன, யூனியன் பசிபிக்குக்கு வயோமிங் நிலக்கரி. எரிபொருள் கிடைத்த இடம் இன்ஜினின் முகத்தையே மாற்றிவிட்டது!

இரண்டும் 4-4-0: முன்னே நான்கு சிறு சக்கரம், பின்னே நான்கு இயக்குசக்கரம். கிளம்பும்போது சிலிண்டர் அடியிலிருந்து நீராவி பக்கவாட்டில் பீய்ச்சும். நின்றிருந்தபோது குளிர்ந்து தங்கிய நீரை ஓட்டுநர் வால்வு திறந்து வெளியேற்றுகிறார். நீர் அமுங்காது, உள்ளே விட்டால் சிலிண்டர் மூடியே உடையும். அந்தப் பக்கம் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், விசில் அடிக்கும்போது காதைப் பொத்தச் சொல்லுங்கள்.

கட்டைக்கணக்கு:
தங்க ஆணி அங்கே இல்லை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றும் அதை அடித்து இறக்கவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் வைத்த லாரல் மரக் கட்டையில் முன்பே துளையிட்டுச் செருகி, விழா முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். கடைசியாக அடித்தது சாதாரண இரும்பு ஆணி. அந்தக் கட்டை 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீயில் போய்விட்டது. இப்போது பாதையில் காண்பதும் அசல் தண்டவாளம் அல்ல. 1904இல் ஏரிக்குக் குறுக்கே லூசின் பாதை வந்ததும் இந்த வழி ஒதுங்கியது, 1942இல் போருக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள்.

என் கருத்தில் இன்ஜின்களைவிடப் பெரிய காட்சி பிக் ஃபில் நடைபாதை, சுற்றிவர சுமார் ஒன்றரை மைல். சென்ட்ரல் பசிபிக் 170 அடி ஆழப் பள்ளத்தை மண் கொட்டி மூடியது, 500 ஆட்களும் 250 வண்டி மாடு, குதிரை அணிகளும் வேலை செய்தார்கள். சற்றுத் தள்ளி யூனியன் பசிபிக் அதே பள்ளத்தைத் தாண்ட 400 அடி நீள, 85 அடி உயர மரப்பாலம் கட்டியது. மண்மேடு இன்னும் நிற்கிறது, பாலம் இல்லை. போட்ட மைலுக்கு ஏற்ப அரசு கடன்பத்திரம் கிடைத்ததால் இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று கடந்து போய், ஒன்றுக்கொன்று இணையாகப் பாதை மேடுகள் போட்டன. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் அந்த இரண்டு மேடுகளையும் கண்ணாலேயே பார்க்கலாம். பாம்பு உண்டு, தடத்தை விட்டு இறங்க வேண்டாம்.

அகலப்பாதை:
மிக்க நன்றி. இரண்டு இன்ஜின்களும் ஒரே படத்தில் விழ எங்கே நிற்க வேண்டும்?

நீராவிக்காதலன்:
பாதைக்குத் தெற்கே. மேற்கிலிருந்து வந்த ஜூபிடர் இடப்பக்கம், 119 வலப்பக்கம் விழும், பழைய படத்தில் இருப்பதுபோலவே. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்.