மறு: காட்டுத் தீர்க்கதரிசிக்கு ஒரு சொல்

நண்பர்களே,

அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து போன்ற கெல்ட்டிய நாடுகளின் பழங்கதைகளில் புத்தி பேதலித்துக் காட்டில் அலைந்து குறி சொல்கிறவர்களுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே கேள்வி? அதற்கு 'வனதீர்க்கதரிசி' எனக்கு ஒட்டவில்லை. தீர்க்கதரிசி என்றதும் கடவுள் அழைத்து அனுப்பிய ஆள்தான் நினைவுக்கு வருகிறார். 'முனிவர்' அதைவிட மோசம். அவர் தவம் செய்யக் காட்டுக்குப் போகிறவர். இந்தக் கதைகளில் வருகிறவர்களோ போர்க்களத்தைக் கண்டு மிரண்டு ஓடியவர்கள்.

வேல்ஸ் மரபின் மிர்தினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேல்ஸ் ஆண்டுக்குறிப்புகள் 573இல் வைக்கும் ஆர்வ்தெரித் போரில் தன் தலைவன் குவெந்தோலாய் மாண்டதும், புத்தி பேதலித்துக் காட்டுக்குள் புகுந்தவன். அங்கே ஆப்பிள் மரத்தோடும் பன்றிக்குட்டியோடும் பேசுகிறான். பேச்சுக்கு நடுவே வரப்போகும் போர்களைச் சொல்கிறான். அயர்லாந்தின் சுவீனி, 637இல் மக் ராத் போரின் இரைச்சலில் ஆயுதம் கைநழுவிப் பறவைபோல் கிளம்பியவன். மரக்கிளையில் தூக்கம், ஓடைக்கீரைதான் சாப்பாடு. அவன் குறி சொன்னதைவிடப் பாடியதே அதிகம். சொல்லிலேயே தீர்க்கதரிசனத்தை வைத்தால் இவன் வெளியே நிற்பான்.

ஸ்காட்லாந்துக் கதைகளில் வரும் இதே மாதிரிக் காட்டுப் பித்தன் லைலோக்கனின் கதைதான் எனக்கு வழி காட்டியது. தான் எப்படிச் சாவேன் என்று மூன்று முறை சொன்னான்: கல்லும் தடியும் பட்டு, கழுவில் குத்துண்டு, நீரில் மூழ்கி. ஒன்றுக்கொன்று பொருந்தாத உளறல் என்று கேட்டவர்கள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் இடையர்கள் அடித்து விரட்ட, ட்வீட் ஆற்றங்கரையில் சறுக்கிக் கழியில் குத்துண்டு, தலை தண்ணீருக்குள் போய்ச் செத்தான். மூன்றும் பலித்தன!

உளறல், மிரட்சி, குறி மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: மருள். மான் மருண்டு ஓடும். கோயிலில் மருள் வந்தவர் குறி சொல்வார். கான் என்றால் காடு. அதனால் 'கான்மருளர்' என்று வைக்கலாம். இவர்களைக் குறிக்க வேல்ஸ் மொழியில் வரும் 'குவில்ட்', ஐரிஷில் வரும் 'கெயில்ட்' இரண்டுக்கும் இது பொருந்தும்.

'மருளாளி' என்றே வைக்கலாமே என்பீர்கள். சரி, ஆனால் மருளாளிக்கு ஆட்டம் முடிந்ததும் சாமி இறங்கிவிடும்; இவர்களுக்கு இறங்கவே இல்லை. 'கானமருளர்' என்று எழுதினால் பாட்டில் மயங்கியவர் என்று படித்துவிடுவார்கள், சுவீனிக்கு அதுவும் தப்பில்லை என்றாலும். ஒருமைக்குக் கான்மருளன். அவர்கள் சொன்ன குறிக்கு 'மருளுரை' போதுமா, வேறு சொல் வேண்டுமா?