புதுப்பிப்பு: ரீப்பரில் ஃபோல்டர் போட்ட பின் ரிவர்ப் மட்டும் குறையாதது ஏன்?

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ட்ராக்குகளை ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எனத் தனித்தனி ஃபோல்டரில் போட்டு நிறம் கொடுக்க முன்பு சொல்லியிருந்தேன். அதன் பிறகு பலருக்கும் இடிக்கும் இடம் இது: ட்ரம்ஸ் ஃபோல்டரின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) இறக்கினால் ட்ரம்ஸ் குறைகிறது, அதன் ரிவர்ப் (அறையில் ஒலிப்பதுபோன்ற எதிரொலி) அப்படியே நிற்கிறது.

ஸ்னேர் ட்ரம் ட்ராக்கிலிருந்து போகும் சென்ட் (ஒலியின் நகலை வேறு ட்ராக்குக்கு அனுப்பும் இணைப்பு), அந்த ட்ராக்கின் ஃபேடருக்குப் பின் கிளம்பி நேராக ரிவர்ப் ட்ராக்குக்குப் போகிறது. ஃபோல்டர் ஃபேடர் அதன் வழியிலேயே இல்லை. ட்ரம்ஸுக்கு மட்டுமான ரிவர்ப் என்றால், அந்த ட்ராக்கையும் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ஃபோல்டரில் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கும் எஃபெக்ட்) இருந்தால் ரிவர்ப்பும் சேர்ந்து அமுங்கும். சிலருக்கு அந்த ஒலியே பிடிக்கும்.

குரலும் அதே ரிவர்ப்பைப் பகிர்ந்தால் விசிஏ குரூப்தான் சரி; அதில் ஒரு லீடர் ஃபேடர் பல ட்ராக்குகளின் அளவை ஒன்றாக மாற்றும். லீடர் ஃபேடரை 6 டெசிபல் இறக்கினால் ஒவ்வொரு ட்ராக்கும் 6 இறங்கும், சென்டும் கூடவே இறங்கும். ஆனால் ஃபோல்டர் கம்ப்ரஸருக்குள் போகும் அளவும் குறைவதால் அது குறைவாகவே அமுக்கும். த்ரெஷோல்டை (கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்கும் அளவை) மறுபடி பாருங்கள்.

இன்னொன்று, ட்ராக் பெயரைப் பதிவுக்கு முன்பே வையுங்கள். ஆடியோ ஃபைல் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். பிறகு ட்ராக் பெயரை மாற்றினாலும் ஃபைல் பெயர் மாறாது.