அப்பா கால் புண் நான்கு மாதமாக ஆறவில்லை. களிம்பை மாற்றிப் பார்க்கலாமா?

கேள்வி – கடைக்குட்டி

அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை வந்து 21 வருடம். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில் ஒரு புண். முதலில் வெறும் காய்ப்பு என்றுதான் நினைத்தோம். அதற்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. காய்ப்பைச் செதுக்கி எடுத்தபோதுதான் உள்ளே குழி இருந்தது தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும்.

வலி கிடையாது. கால் மரத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. போன வருடம் ஷூவுக்குள் ஒரு டிராயிங் பின் கிடந்திருக்கிறது. காலையிலிருந்து அதன்மேலேயே நடந்தவர், சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தார்.

இதுவரை மூன்று களிம்பு, வெள்ளி கலந்த கட்டு ஒரு மாதம், இரண்டு முறை ஆன்டிபயாடிக் என்று எல்லாம் ஆயிற்று. மூன்று மாத சர்க்கரை சராசரி 9.4-இலிருந்து 7.6-க்கு வந்துவிட்டது. முழங்கால் வரை வருகிற பூட் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். பட்டையைப் பிரித்தால் கழற்றிவிடலாம். வெளியே கிளம்பும்போதெல்லாம் தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

ராத்திரி தூக்கம் வராமல் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கிறேன். வளர்ச்சிக் காரணி ஜெல், ஆக்சிஜன் அறை, புழு வைத்துச் சுத்தம் செய்வது என்று என்னென்னவோ இருக்கிறது. டாக்டரிடம் எதைக் கேட்பது?

பதில் 1 – சும்மாவந்தவன்

ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிப் பாருங்கள். பொங்கி நுரைத்து அழுக்கெல்லாம் வந்துவிடும். அப்புறம் காற்றுப்படத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும்.

பதில் 2 – பஞ்சும்கத்தரியும்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நுரை வருவதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வளர்கிற செல்லையும் அது சேர்த்தே கொல்லும். காயவிடுவதும் பழைய பழக்கம். ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தார். ஈரம் காயாமல் மூடி வைத்த காயத்தின் மேல், திறந்து விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது.

நான் நர்ஸ். 17 வருடமாகக் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலை. கடைக்குட்டி, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளியே போகும்போது போடுகிறார் என்றீர்கள், சரி. வீட்டுக்குள்?

ஏன் கேட்கிறேன் என்றால், 2003-இல் வந்த ஓர் ஆய்வில், இதேபோல் கழற்றக்கூடிய பூட் கொடுத்தவர்களின் இடுப்பில் ஓர் அடி எண்ணும் கருவி, பூட்டில் ஒன்று என்று வைத்து ஒப்பிட்டார்கள். அவர்கள் நடந்த அடிகளில் வெறும் 28 சதவீதம்தான் பூட்டோடு நடந்தது. மீதி எல்லாம் புண்ணின் மேலேயே. அவர்கள் ஏமாற்றவில்லை. வீட்டுக்குள் நடப்பதை யாரும் நடையாகவே கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன், 2001-இல், 63 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கழற்றவே முடியாதபடி காலோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டவர்களில் 12 வாரத்தில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஆறியது. கழற்றும் பூட் போட்டவர்களில் 65, முன்பாதத்துக்கு அடிப்பாகம் இல்லாத பாதிச் செருப்பில் 58. மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் களிம்பில் இல்லை. பாரம் எத்தனை மணி நேரம் புண்ணை விட்டு விலகியிருந்தது என்பதில்தான்.

இதை முதலில் சொல்லிக்கொடுத்தது சர்க்கரைக்காரர்களின் கால்கூட இல்லை, தொழுநோயாளிகளின் கால். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரிலும் பிறகு அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்திலும் அவர்களோடு வேலை செய்தார். தொழுநோய் சதையைத் தின்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்து நடந்து அவர்களே காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். நமக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தால் நாமே அறியாமல் நொண்டுவோம், இல்லையா? அந்த நொண்டல்தான் வைத்தியம். உங்கள் அப்பாவுக்கு அது வராது, அதனால் நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்ட மற்றவை பற்றி: புழு, செத்த சதையை வேகமாகச் சுத்தம் செய்யும். ஆனால் 2009-இல் பிரிட்டனில் முழங்காலுக்குக் கீழே வருகிற புண்களில் நடந்த பெரிய ஆய்வில், அதனால் புண் சீக்கிரம் மூடியதாகத் தெரியவில்லை. சீழ், சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம் ஒன்றும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஆறவைக்க முடியாது. இரண்டு முறையும் எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டு வையுங்கள். கட்டு வகைகளில் எதுவுமே பயனில்லை என்றும் சொல்ல மாட்டேன். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த கட்டு 2018-இல் வெளியான ஆய்வில் 20 வாரத்தில் 48 சதவீதம் பேருக்கு ஆற்றியது, அதே கட்டு மருந்தில்லாமல் போட்டவர்களில் 30. ஆனால் அதுவும் பாரம் இறக்குவதோடு சேர்த்துத்தான்.

பதில் 3 – கடைக்குட்டி

அக்கா, நேற்று விடுமுறை. வேண்டுமென்றே கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ணினேன். காலை எட்டிலிருந்து இரவு ஒன்பதுவரை அப்பா 31 முறை எழுந்தார். குளியலறைக்கு, ஜன்னலை மூட, போன் சார்ஜரை எடுக்க, வாசலில் யாரோ என்று பார்க்க. பூட்டோடு எழுந்தது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் அது குடை மாதிரி கதவோரம் சாய்ந்து நின்றது.

கேட்டால், "வீட்டுக்குள்ள நாலு அடிதானேம்மா" என்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பதில் 4 – ஒற்றைச்செருப்பு

அம்மா, உங்கள் அப்பாவைத் திட்டாதீர்கள். நானும் அதே ரகம்தான். சர்க்கரையோடு 26 வருடம், டயாலிசிஸ் மூன்று வருடம். இடது கால் புண் எட்டு மாதம் என்னோடு குடியிருந்தது. பூட் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தது.

கடைசியில் டாக்டரிடம் நானே போய், "என்னை நம்பாதீங்க சார், கட்டிவிட்டுடுங்க" என்றேன். மாவுக்கட்டு போட்டார்கள். வாரம் ஒரு முறை வெட்டி எடுத்து, புண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். பத்தாவது வாரம் மூடியது. யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று: கட்டுப்போட்ட கால் உயரமாகிவிடும். இன்னொரு காலுக்கு அதே உயரத்தில் அடி வைத்த செருப்பு போடாவிட்டால் இரண்டே நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை சுற்றி, காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி குளிக்க வேண்டும்.

ஆறியதும் கொண்டாடிவிட்டு ஐந்தாவது மாதம் அதே இடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறதாம். இப்போது தினமும் காலை எழுந்ததும், நெற்றியில் காட்டுகிற தெர்மாமீட்டர் அல்ல, தோலில் வைத்துப் பார்க்கிற ஒன்றால் இரண்டு பாதத்திலும் ஆறு ஆறு இடத்தில் சூடு பார்த்து எழுதுகிறேன். ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்து மறுநாளும் அப்படியே இருந்தால், நடப்பதைக் குறைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவேன். 2007-இல் 173 பேரிடம் நடந்த ஆய்வில் இப்படிப் பார்த்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் புண் திரும்ப வந்தது. பார்க்காதவர்களில் 30 சதவீதம் போல. வலி வேலை செய்யாத காலுக்கு இந்தச் சூடுதான் வலி.

பதில் 5 – பஞ்சும்கத்தரியும்

ஒற்றைச்செருப்பு சாரைப் பார்த்துவிட்டு நாளைக்கே போய் மாவுக்கட்டு கேட்டு நிற்க வேண்டாம். அதற்கு முன் ரத்த ஓட்டம் பார்த்தாக வேண்டும். கணுக்கால் அழுத்தம் மட்டும் போதாது, சர்க்கரையில் ரத்தக்குழாய் கல் மாதிரி இறுகிப்போய் அளவு பொய்யாக நன்றாகவே காட்டும். கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே என்றால் முதலில் ரத்தக்குழாய் மருத்துவர், மற்றதெல்லாம் அப்புறம். உள்ளே கம்பி விட்டு எலும்பு தட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். கடுமையான கிருமித்தொற்று இருந்தாலோ ரத்த ஓட்டம் மிகவும் குறைந்திருந்தாலோ கழற்ற முடியாத கட்டு ஆபத்து.

காய்ச்சல், கெட்ட வாடை, கறுப்பு, சிவப்பு மேலே பரவுவது, சர்க்கரை திடீரென்று ஏறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்கேல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டு மாற்றும்போது நீளம், அகலம் எழுதுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகவாவது குறையவில்லை என்றால் 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2003-இலேயே காட்டியிருக்கிறார்கள். நான்கு மாதம் பொறுத்தது அதிகம்.

பதில் 6 – கடைக்குட்டி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். விரல் அழுத்தம் 58, எலும்பு தட்டவில்லை, தொற்று இல்லை. டாக்டர் அப்பாவின் பழைய பூட்டையே மாட்டி, மேலே மாவுக்கட்டுத் துணியை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. இதுவும் முழு மாவுக்கட்டு அளவுக்கே பலன் தரும் என்றார்.

போட்ட அன்று புண் 16-க்கு 13 மில்லிமீட்டர். நான்காவது வாரம் 11-க்கு 8. நான்கு மாதத்தில் நகராதது இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அப்பா முதல் வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. இரண்டாம் வாரம் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார், நகம் வெட்டவாம். என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஒற்றைச்செருப்பு ஐயா, இடுப்பு வலி நீங்கள் சொன்னபடியே வந்துவிட்டது. இடது செருப்புக்கு எவ்வளவு உயரம் வைப்பது?

பதில் 7 – ஒற்றைச்செருப்பு

அளவு நான் சொல்லக் கூடாதும்மா, பூட்டுக்குப் பூட்டு மாறும். அப்பாவை நேராக நிற்க வைத்து, இடுப்பெலும்பு இரண்டும் சமமாக வரும்வரை இடது காலுக்கு அடியில் ஒவ்வொரு அட்டையாக வைத்துப் பாருங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். அந்த உயரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனால் செருப்பு செய்கிறவர் பார்த்துக்கொள்வார். கத்தரிக்கோல் விஷயத்தில் செய்தது சரி. நான் வெண்ணெய்க் கத்தியால் முயற்சி செய்தவன்.