ஹோஸ்டிங் எடுக்கும் முன்: சுங்கை சிப்புட்டில் எங்கள் பலகாரத் தொழிலுக்கு நடந்தது

வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலர் எந்த ஹோஸ்டிங் (இணையத்தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) மலிவு என்று கேட்கிறீர்கள். எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பலகாரம்தான் தொழில். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலேயே தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்பார். டவுனுக்குக் குடிவந்த பிறகு தொழிலை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்து, 2021-இல் இணையத்தளமும் போட்டோம். தெரிந்தவர் அறிமுகப்படுத்திய ஒரு தம்பி 1,200 வெள்ளிக்குச் செய்து கொடுத்தார். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் இரண்டையும் "நானே பார்த்துக்குறேன் அக்கா" என்றார். வருடத்துக்கு 350 வெள்ளி கேட்பார், கொடுத்துவிடுவேன். யார் பெயரில் பதிந்தார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. அதற்கு 9 நாள் முன்னால், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முறுக்குக்கு உளுந்து வறுத்துக்கொண்டிருந்தோம். கிள்ளானிலிருந்து அத்தை போன் செய்தார். "என்னம்மா, உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குது?" கையைத் துடைத்துக்கொண்டு ஹாண்ட்போனில் பார்த்தால், கணக்கு நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அந்தத் தம்பியின் எண் அணைந்து கிடந்தது.

ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கணக்கு உங்கள் பெயரில் இல்லை, உரிமையாளரிடம் மட்டும்தான் பேசுவோம் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான். வேறு யாரோ போன் செய்து என் கணக்கைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி அங்கே மொத்தமாக இடம் வாங்கி, எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டொமைனும் அவர் மின்னஞ்சலில்தான் பதிவாகியிருந்தது. டாட் காம் பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அங்கீகாரக் குறியீடு ஒன்று வேண்டும். பதிவு செய்தவரின் கணக்கிலிருந்துதான் அதை எடுக்க முடியும்.

எங்களைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. ஆர்டர் வரும்போதெல்லாம், தளத்தில் கடையை நடத்தும் வூகாமர்ஸ் மென்பொருள் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அது என்னுடைய சொந்த ஜிமெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. அன்று இரவு நான் ஒவ்வொன்றாக வாசிக்க, தங்கை 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டில் எழுதினாள்: பெயர், ஊர், எத்தனை டின், பணம் கட்டியாயிற்றா இல்லையா. 63 ஆர்டர். அந்த மின்னஞ்சலும் அதே ஹோஸ்டிங்கில் இருந்திருந்தால், பணம் கட்டியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அந்த டொமைன் கடைசிவரை கிடைக்கவில்லை. பழைய முகவரியோடு அச்சடித்த லேபிள் 2,000 வீட்டில் இருந்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரம், அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் புது முகவரி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது தடவை நானே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். முதலில் பெயர். டாட் காம் டாட் எம்ஒய் எடுத்தேன். மைநிக் என்ற மலேசிய அமைப்பு நிர்வகிக்கும் பெயர் அது. தொழில் பதிவு இருந்தால்தான் கிடைக்கும், அதனால் எஸ்எஸ்எம் பத்திரத்தைக் காட்டிப் பதிய வேண்டியிருந்தது. இந்த முறை அது எங்கள் தொழிலின் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்கிறது. ஹோஸ்டிங்கை வேறு நிறுவனத்தில் வாங்கினேன். நாளை ஹோஸ்டிங் பிடிக்காவிட்டால் முகவரியை இழக்காமல் மாறிக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன், அதுவும் ஞாயிறு இரவு பத்து மணிக்கு: "என் தளம் நின்றுவிட்டால் யாரிடம் பேசுவது, பேக்கப்பை (தளத்தின் மறுபிரதியை) யார் திருப்பிப் போட்டுத் தருவார்கள்?" ஒன்றிலிருந்து தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. இன்னொன்று செவ்வாய்க்கிழமை எழுதியது. மூன்றாவதில் இருபது நிமிடத்தில் ஒரு மனிதர் பதில் போட்டார். திருப்பிப் போட எவ்வளவு நேரமாகும், கட்டணம் உண்டா என்று நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அங்கேதான் எடுத்தேன். மூன்றில் அதுதான் விலை கூட.

விலை பற்றி ஒன்று. முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சேவை வரிக்குப் பதிந்த நிறுவனமாக இருந்தால் அதற்கு மேல் 8 விழுக்காடு. 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கணக்கு. செர்வர் (தளம் இருக்கும் கணினி) சைபர்ஜெயாவிலா சிங்கப்பூரிலா என்று ரொம்ப யோசித்தேன். ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தோட்டத்துக்குள், செம்பனைக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் திறப்பவர்களுக்குச் சிக்கலாக இருந்தது என் படங்கள்தான். ஒரு முறுக்குப் படம் 4 எம்பி! அதை 150 கேபிக்குக் குறைத்தேன். அதன் பிறகு லயத்து அக்காமார்களும் போனிலேயே ஆர்டர் போடுகிறார்கள்.

—

பதில் (டயர்க் கடை, அதே ஊர்)

அக்கா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. எனக்கு வேறு மாதிரி அடி. மாதம் 8 வெள்ளி, எல்லாம் அளவில்லை என்று போட்டிருந்தார்கள், எடுத்தேன். இரண்டாம் வருடம் 29 வெள்ளி. இடம் அளவில்லைதான், கோப்புகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு இருந்தது, அது நிபந்தனைகளில் கீழே சின்ன எழுத்தில் கிடந்தது. பழைய மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாம். அது நிரம்பியதும் புது மின்னஞ்சல் வருவது நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை, தோட்ட ஆபீசுகளுக்கு நான் அனுப்பும் விலைப்பட்டியல் எல்லாம் ஸ்பேமில் போய் விழுந்தது. லாரி டயர் 6 வேண்டும் என்று கேட்ட கிராணி (தோட்ட எழுத்தர்), நான் பதிலே போடவில்லை என்று நினைத்து வேறு கடையில் வாங்கிவிட்டார். அதே செர்வரில், அதே ஐபி முகவரியில் (செர்வரின் இணைய எண்) இருந்த யாரோ குப்பை மெயில் அனுப்பியதால் அந்த முகவரியே கறுப்புப் பட்டியலில் இருந்திருக்கிறது. இப்போது மெயிலைத் தனியாக வேறு சேவைக்கு மாற்றி, எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையாகவே நம் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் பதிவுகள்) இரண்டையும் டொமைனில் போட்டுவிட்டேன். ஹோஸ்டிங் எடுக்கும்போது இந்த இரண்டையும் அமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள்.

—

பதில் (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, மகளின் துணிக்கடைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன்)

அம்மா, தம்பி, இருவருக்கும் நன்றி. நான் 31 வருடம் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியவன். பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் குறித்ததற்கு ஆபீசில் ஒரு பிரதி, தலைமை அலுவலகத்தில் ஒரு பிரதி. ஆபீஸ் கூரை ஒழுகி நனைந்தாலும் ஆளுக்குச் சம்பளம் நிற்கக் கூடாது என்பதற்காக அப்படி.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்துபோனது. எத்தனையோ தளங்கள் ஒரே இரவில் நின்றன. பேக்கப்பும் அதே இடத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. அதைப் படித்த நாளிலிருந்து மாதம் ஒரு முறை மகளின் தளத்தை இறக்கி என் கணினியில் வைக்கிறேன், இன்னொரு பிரதி மகள் வீட்டு ஹார்ட் டிஸ்கில். உங்கள் பேக்கப்பை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா அம்மா?

—

பதில் (முதலில் எழுதியவர்)

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு நேற்றிரவுதான் திறந்து பார்த்தேன். தளத்தின் கோப்புகள் எல்லாம் இருந்தன. ஆர்டர் விவரம் இருக்கும் டேட்டாபேஸ் மட்டும் ஆகஸ்ட் மாதத்தோடு நின்றிருக்கிறது. உடனே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். ஏன் நின்றது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியாகும்வரை ஒவ்வோர் இரவும் நானே இறக்கி வைக்கிறேன். தங்கை 555 நோட்டை மறுபடி வெளியில் எடுத்துவிட்டாள்.